தீபாவளித் தட்டில் ஒரு ஜொகூர் சட்டை

தீபாவளிக்கு முதல் நாள் மாலை எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடுவோம். வாழையிலையில் தாத்தாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிப் பிரட்டல், பாட்டிக்கு நெய் உருண்டை, பக்கத்தில் ஒரு கறுப்புச் சுருட்டு. இலைக்கு எதிரே பெரிய பித்தளைத் தட்டில் மறுநாள் உடுத்தப்போகும் புதுத்துணிகள். எல்லாவற்றின் ஓரத்திலும் அம்மா மஞ்சள் தடவியிருப்பார். அந்த அடுக்கின் நடுவில் எங்கேயாவது நீலமும் சிவப்புமாக ஒரு காற்பந்துச் சட்டை இருக்கும். ஜே.டி.தி. என்று நாடே சுருக்கிச் சொல்லும் ஜொகூர் டாருல் தக்சிம் அணியின் சட்டை. அதன் கழுத்துப்பட்டையிலும் ஒரு மஞ்சள் பொட்டு.

கல்யாணமாகி வந்த முதல் ஆண்டு அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இதையுமா மாமா தாத்தாவுக்குப் படைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அவர் இருந்தா வேட்டியைத் தள்ளிட்டு இதைத்தான்மா எடுப்பார்" என்றார் அப்பா.

மூவாரில் இலையுதிர்காலம் கிடையாது. நான்கு பருவம் உள்ள நாட்டார் மரத்தைப் பார்த்து மாதத்தைச் சொல்வார்கள். நமக்கு மழைதான் அடையாளம். மதியத்துக்கு மேல் ஆற்றின் மறுகரை கறுத்து வரும். தஞ்சோங் எமாஸ் பக்கம் காற்று திரும்பும். அம்மா, "ஐப்பசி வந்துடுச்சு" என்று கொடித் துணியை எடுக்க ஓடுவார். புரட்டாசி விரதம் முடிந்து, தீபாவளி வந்து, கார்த்திகை விளக்கு ஏற்றும்வரை உள்ள அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள்தான் எங்கள் வீட்டின் பெருநாள் காலம். சரியாக அதே வாரங்களில் பல ஆண்டுகள் மலேசியக் கிண்ண ஆட்டங்களும் நடந்தன.

கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2014-இல் தீபாவளி அக்டோபர் 22, மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நவம்பர் 1. 2016-இல் தீபாவளி அக்டோபர் 29, இறுதியாட்டம் மறுநாளே. 2018-இல் இறுதியாட்டம் முந்திக்கொண்டது. அது அக்டோபர் 27, தீபாவளி நவம்பர் 6. 2019-இல் தீபாவளி முடிந்து ஆறாம் நாள். முறுக்கு டின் காலியாவதற்குள் கிண்ணம் யாருக்கு என்று தெரிந்துவிடும்.

புரட்டாசியில் முக்கிய ஆட்டம் வந்தால்தான் சங்கடம். காலையிலேயே சாத்தே சாப்பிட்டுப் பசியாறும் ஊர் இது. ஆட்டம் பார்க்கும்போது சாத்தேயும் ஓத்தா-ஓத்தாவும் இல்லாவிட்டால் அண்ணனுக்குக் கை நடுங்கும். அம்மா மட்டும் அசைந்து கொடுக்கமாட்டார். வேர்க்கடலை அவித்துத் தட்டில் வைத்து, "பெருமாளுக்கு ஒரு மாசம், பந்துக்கு வருசம் பூரா" என்பார்.

தோட்டத்துத் திடல்

இந்தப் பைத்தியம் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் மூவாருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஐப்பசி, கார்த்திகை அவருக்குக் கொண்டாட்ட மாதங்கள் அல்ல. வயிறு காயும் மாதங்கள். மழை பெய்தால் மரம் நனையும். மரம் நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பாலை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. தீபாவளிச் செலவு நெருங்குகிற நேரத்தில்தான் கைக்காசு குறையும். கடையில் கடன் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் துணி.

ஆனால் மழை நின்ற மாலைகளில் லயத்துக்கு முன்னால் இருந்த திடலில் தண்ணீர் தேங்கியிருக்க, வேலை இல்லாத ஆண்கள் எல்லாரும் பந்து விளையாடுவார்கள். அப்பாவுக்குத் தன் அப்பா சிரித்து நினைவிருப்பது அந்தச் சேற்றுத் திடலில் மட்டும்தானாம். "வீட்டுக்குள்ள வந்தா வாய் திறக்கமாட்டார். பந்தைப் பத்திக் கேட்டா மட்டும் பேச்சு வரும்" என்பார். தாத்தாவின் ஆள் ஆர். ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர். ஆறுமுகம் சிலாங்கூர்க்காரர் ஆயிற்றே என்று கேட்டால், "மலேசியாவுக்கு நிக்கும்போது நம்மாளு, ஜொகூருக்கு எதிரா நிக்கும்போது எதிரி" என்று தாத்தா தீர்ப்புச் சொல்வாராம்.

மலேசியக் கிண்ணம் பழைய சரக்கு. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் பெயரால் 1921-இல் தொடங்கி, அந்த முதல் ஆண்டு சிங்கப்பூர் சிலாங்கூரை வென்றது. 1967-இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. சிலாங்கூர் இதுவரை 33 முறை அதைத் தூக்கியிருக்கிறது. ஜொகூர்க்காரர்கள் 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கோலாலம்பூரை வீழ்த்தியபோது அப்பா ஊர்க்கோடியில் ஓர் ஒட்டுக்கடைத் தொலைக்காட்சியின் முன்னால் நாற்பது பேரோடு நின்றிருந்தார். இரண்டாவது கிண்ணம் 1991-இல். அதற்கு அவர் நேரிலேயே போய்விட்டார்.

போன கதையை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். மூவார் மரத்தளவாடங்களுக்குப் பேர்போன ஊர். அப்பா அப்போது ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் லாரி ஓட்டினார். கோலாலம்பூருக்குச் சரக்கு இறக்கப் போனவர், இறக்கி முடித்ததும் லாரியை எங்கோ ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு மெர்டேக்கா அரங்கத்துக்குள் நுழைந்துவிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அப்பாஸ் சாட் ஜொகூருக்கு ஆடிய ஆண்டு அது. சிலாங்கூரை 3-1 என்று ஜெயித்த அணியைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பினார். நான் கைக்குழந்தை, காய்ச்சல். கைத்தொலைபேசி இல்லாத காலம். அம்மா இரவெல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா கொண்டுவந்த சமாதானம் பாதி கிழிந்த ஒரு நுழைவுச்சீட்டு. அம்மா அதை வீசி எறியவில்லை. இன்னும் சாமி அலமாரியில் விபூதிச் சம்புடத்துக்குக் கீழே இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

அடுப்படியில் அம்மா, கூடத்தில் மற்றவர்கள்

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஜொகூருக்கு வறட்சி. 2013-இல் துங்கு இஸ்மாயிலின் தலைமையில் அணி ஜே.டி.தி. என்று புதுப்பிறவி எடுத்தது. மறு ஆண்டே மலேசியக் கிண்ண இறுதியாட்டம். பகாங்கோடு. இரண்டு காரில் புக்கிட் ஜாலில் போனோம். 2-2 என்று இழுத்து, பினால்டியில் தோற்றோம். திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்து மேசையில் பகாங் சட்டை போட்ட ஒரு மலாய்க் குடும்பம். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டி ஒரு பொட்டலம் கெரோப்போக்கை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா காரிலிருந்து தீபாவளி முறுக்கு டின்னை எடுத்துவந்து கொடுத்தார்.

2015 அக்டோபர் 31-ஆம் தேதி, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், ஜே.டி.தி. தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தை எடுத்தது. தென்கிழக்காசிய அணி ஒன்று அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல்முறை. எஸ். குணாளன் இருந்த அணி என்பதால் எங்கள் வீட்டில் கூடுதல் சத்தம். அந்த ஒரே கோல் விழுந்தபோது அம்மா அடுப்படியில் அதிரசம் தட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து முக்கிய ஆட்டம் என்றால் அம்மா அடுப்படிக்குப் போயாக வேண்டும் என்று அண்ணன் சட்டம் போட்டுவிட்டார். ராசியாம்.

நான்கு ஆண்டு அதற்கு உடன்பட்டார். 2019-இல் கெடாவோடு இறுதியாட்டம் தொடங்கியதும் அண்ணன் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தார். அம்மா கூடத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "நான் உள்ள போனாத்தான் ஜெயிப்பாங்கன்னா தோக்கட்டும்" என்றார். ஜே.டி.தி. 3-0. அந்த ராசிக் கதை அதோடு முடிந்தது. நானும் அதுவரை ஒரு நாளும், "நீங்க உட்காருங்கம்மா" என்று சொன்னதில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

பிறகு கோவிட். 2020-இல் மலேசியக் கிண்ணமே ரத்து. தீபாவளிக்கு அண்ணன் கிள்ளானில், அக்கா சிங்கப்பூரில், நாங்கள் மூவரும் மூவாரில். தட்டில் மூன்று பேர் துணி மட்டும். மறு ஆண்டு மாநில எல்லைகள் திறந்துவிட்டன, அண்ணன் வந்தார். அக்காவால் முடியவில்லை. ஜொகூர் பாலம் திறக்கவில்லை. 2021 நவம்பர் 29-ஆம் தேதிதான் தடுப்பூசி போட்டவர்களுக்காகத் தரைவழிப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நாளொன்றுக்கு இவ்வளவு பேர் என்று அளவு. அக்காவுக்கு 30-ஆம் தேதிக்கு இருக்கை கிடைத்தது. அன்றிரவுதான் இறுதியாட்டம்.

லார்கின் நிலையத்தில் அவரை ஏற்றிக்கொண்டு மூவாருக்கு ஓட்டினேன். ஏறக்குறைய இருபது மாதம் கழித்து வீட்டுக்குள் வருகிறார். அம்மா அழுதார். அப்பா எழுந்து நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், "வாம்மா. இன்னும் கோல் விழல" என்றார். கோலாலம்பூர் சிட்டி 2-0 என்று எங்களைச் சாய்த்த ஆட்டம் அது. தோற்றுப்போன ஒரு ராத்திரியில் எங்கள் வீட்டில் அவ்வளவு சாப்பாடு அதற்கு முன் இறங்கியதில்லை.

பேரனின் சிவப்பு மஞ்சள்

நெருக்கடி வெளியிலிருந்து வரவில்லை. கிள்ளானில் பிறந்து வளரும் அண்ணன் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிலாங்கூர். 2022 தீபாவளிக்கு ஆறு வயதுப் பையன் சிவப்பும் மஞ்சளுமான சிலாங்கூர் சட்டையைப் பையிலிருந்து எடுத்து, "தாத்தா, இதுவும் தட்டுல" என்றான். வீடு அமைதியானது. அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. "பிள்ளை கேக்குறான்பா" என்று முனகினார்.

அப்பா அந்தச் சட்டையை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இனிப்புநீர் அதற்குள் அவர் கண்ணைத் தின்னத் தொடங்கியிருந்தது. லேசர் சிகிச்சை இரண்டு முறை ஆகிவிட்டது. மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார். "இதுல மஞ்சள் வச்சா எங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே சிவப்புப் பகுதியைத் தேடித் தடவினார். அடுக்கில் தன் சட்டைக்குக் கீழேதான் வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் ஜே.டி.தி.யும் சிலாங்கூரும் மோதின. பொதுத் தேர்தல் முடிந்து சரியாக ஒரு வாரம். ஓட்டுப் போட மூவாருக்கு வந்து போன அண்ணன் குடும்பம், நவம்பர் 26-ஆம் தேதி மறுபடியும் வந்தது. 2-1 என்று ஜொகூர் ஜெயித்தது. பையன் தேம்பித் தேம்பி அழுதான். இதற்காக முப்பது ஆண்டு காத்திருந்தவர்போல் அப்பா அவனை மடியில் இழுத்து, 1985-க்கு முன்னால் ஜொகூர் எத்தனை முறை தோற்றது என்று கதைகதையாகச் சொல்லத் தொடங்கினார். எங்களிடம் அவர் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. தாத்தாவைப் போலத்தான் அவரும். பந்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்கும். நாங்கள் மூவரும் காற்பந்து ரசிகர்கள் ஆனதற்கு ஜொகூர்ப் பற்று மட்டும் காரணமா என்பது எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகமானது.

இப்போது அவருக்குத் திரையில் நடுப்பகுதி தெரிவதில்லை. ஓரத்தில் நிறங்கள் நகர்வது மட்டும் தெரியும். வர்ணனை மலாய்மொழியில் வேகமாக ஓடும். அதற்குமேல் நாங்கள் தமிழில் சொல்ல வேண்டும். "பந்து யார்கிட்ட? எந்தப் பக்கம்? நம்ம ஆளு எத்தனை பேர் மேல இருக்கான்?" அக்கா வேண்டுமென்றே நாளிதழ்த் தமிழில், "கோல் காவலர் பந்தைப் பற்றிக்கொண்டார்" என்பார். அப்பா சிரிப்பார். எனக்கு அவசரத்தில் வாய் குழறும். நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து கைமாறியிருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஆபத்து வந்தது. மலேசிய லீக்கின் நாட்காட்டியே மாறிவிட்டது. 2023-இல் இறுதியாட்டம் டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது. அடுத்த பருவம் 2024-இல் தொடங்கி 2025-இல் முடிந்தது. இறுதியாட்டம் ஏப்ரல் 26. மற்ற நாட்டு லீக்குகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஐப்பசிக்கும் பந்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. முன்பெல்லாம் அண்ணனும் அக்காவும் தீபாவளிக்கு வருவார்கள், இறுதியாட்டத்துக்கு மறுபடி வருவார்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை வீடு நிறையும். 2024 தீபாவளிக்கு அக்டோபர் 31 அன்று வந்தவர்கள் மறுநாளே கிளம்பினார்கள். நவம்பர் 5-ஆம் தேதி ஜே.டி.தி. ஆசிய வெற்றியாளர் போட்டியில் தென்கொரியாவின் உல்சானை 3-0 என்று புரட்டியபோது கூடத்தில் நானும் அப்பாவும் மட்டும். பெரிய வெற்றிதான். அவர், "கொரியாக்காரனை எனக்கு யாருன்னே தெரியாதுடா. சிலாங்கூரைத் தெரியும்" என்று படுக்கப் போய்விட்டார்.

அக்கா வேலை செய்யும் இடத்தில் ஓர் அமெரிக்கர் இருக்கிறார். அக்டோபர் கடைசியில் காலை வேளைகளில் விடுப்பு எடுத்துவிடுவாராம். அவர்கள் ஊரில் இலை உதிரும் காலத்தில் பேஸ்பால் உலகத் தொடர் நடக்கும். அங்கே இரவு என்றால் நமக்குக் காலை. கடலுக்கு அந்தப் பக்கம் அவருடைய அப்பாவும் அதே நேரத்தில் பார்ப்பாராம். 1903-இல் தொடங்கிய அந்தத் தொடர், 1994-இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் நடக்கவே இல்லை. அந்த அக்டோபர் முழுக்கத் தானும் அப்பாவும் தொலைபேசியில் பேசிக்கொள்ள எதுவும் கிடைக்காமல் வானிலையைப் பற்றிப் பேசியதாக அவர் சொன்னாராம். அக்கா அன்றைக்கு மாலையே வீட்டுக்கு அழைத்து, "ஏப்ரல்ல நான் வர்றேன். லீவு போட்டாச்சு" என்றார்.

ஏப்ரல் 26 சனிக்கிழமை. அம்மா காலையிலேயே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். பெருநாள் இல்லாத நாளில் முறுக்குப் பிழிந்து நான் பார்த்ததில்லை. "எதுக்கும்மா?" என்றேன். "ஆள் வருதுல்ல" என்றார். அண்ணனால் வர முடியவில்லை; வேலை. கிள்ளானிலிருந்து கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். அவர் வீட்டுத் தொலைக்காட்சியும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் ஓடவில்லை. அங்கே ஏழெட்டு விநாடி முந்தி. எங்கள் திரையில் பந்து இன்னும் நடுத்திடலில் உருண்டுகொண்டிருக்கும்போதே கைப்பேசியில் அண்ணன் கத்திவிடுவார். அக்காவுக்குக் கோபம். "ஃபோனை வை முதல்ல, எல்லாத்தையும் கெடுக்குற."

அப்பா கையை நீட்டினார். "அதை இங்க கொடு." கைப்பேசியை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். பார்வை இருப்பவர்கள் நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் எல்லாரையும்விட முதலில் அவருக்குச் செய்தி வந்தது. ஆட்டம் முழுக்க, "இப்ப பாருங்க... இப்ப வரும் பாருங்க..." என்று எங்களுக்கு அவர் வர்ணனை சொன்னார். சிறீ பகாங்கை 2-1 என்று வென்று முடித்தபோது, நாங்கள் குதிப்பதற்கு முன்பே அவர் கைப்பேசியில் பேரனிடம், "அடுத்த வருசம் உன் சிலாங்கூரைக் கூட்டிட்டு வாடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

2025-இல் தீபாவளி திங்கட்கிழமை, அக்டோபர் 20. அதற்கு முன் ஒரு நாள் அம்மா பச்சரிசி ஊறவைத்திருந்தார். அப்பா கூடத்தில் இருந்தபடி, "ஃபைனல் எப்போடா?" என்று கேட்டார். "இப்ப இல்லப்பா, அடுத்த வருசம்தான்" என்றேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தேதி தெரிஞ்சதும் சொல்லு. மாவு அரைக்கக் கொடுக்கணும்."